பிளக் மீட்டரும் கரிமச் செயலியும்: ஓர் ஏர்கான்காரன் பார்வையில்

சிங்கப்பூர் சிம் லிம் டவரில் கம்பி, ஃபியூஸ், சாலிடர் சாமான் விற்கும் கடைகளில் பிளக் மீட்டர் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளங்கை அளவுப் பெட்டி. பின்னால் மூன்று முள், முன்னால் பிளக் செருகும் துளை, மேலே ஒரு சின்னத் திரை. சுவரில் இதைச் செருகி, இதில் ஃபிரிட்ஜைச் செருகினால் இந்த நொடி எத்தனை வாட் இழுக்கிறது, செருகியதிலிருந்து எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது இரண்டும் தெரியும். யூனிட் விலையைப் பதிந்துவிட்டால் காசுக் கணக்கும் வரும். முப்பது வெள்ளிக்குள் முடிந்தது. பெட்டியில் அச்சடித்திருந்த பெயரை நான் அதற்கு முன்னால் கேள்விப்பட்டதில்லை.

வாங்கக் காரணம் என் மகள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். வீட்டின் கரிமத் தடத்தை, அதாவது எங்களால் எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்பதை அளந்து, அதில் கொஞ்சமாவது குறைத்துக் காட்டச் சொல்லி ஒரு பாட வேலை. கைப்பேசியில் இலவசச் செயலி ஒன்றை இறக்கினாள். சோபாவில் சாய்ந்தபடியே கேள்விகளுக்குப் பதில் தட்டிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து, "அப்பா, நமக்கு ஆளுக்கு எட்டு டன்னாம்" என்றாள்.

"என்ன எட்டு டன்?"

"கார்பன்பா. ஒரு வருஷத்துக்கு."

"யாரு நிறுத்துப் பாத்தா?"

எனக்கு ஏர்கான் வேலை. யீஷூன், செம்பவாங், உட்லண்ட்ஸ் பக்கம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் மாட்டுவது, கழற்றுவது, கழுவுவது. யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் எந்த மீட்டரில் வந்தது என்று கேட்கத் தோன்றும். அதனால் மகளின் செயலி, இந்தப் பிளக் மீட்டர், மின்சார பில் அனுப்பும் எஸ்பி குழுமத்தின் செயலி (பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே கைப்பேசியில் இருக்கும்) மூன்றையும் வைத்துக்கொண்டு வீட்டை அளந்தோம். இந்த மூன்றுமே கேட்காத ஒரு விஷயம் இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான். ஆனாலும் வரிசையாகவே வருகிறேன்.

முதலில் அந்த இலவசச் செயலி. பெயர் வேண்டாம், இதே மாதிரி நிறைய இருக்கின்றன, கேள்விகளும் பெரும்பாலும் ஒரே அச்சுதான். குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்ற எந்த எரிபொருள் பயன்படுத்துகிறீர்கள் என்பது தொடக்கத்திலேயே வரும் கேள்வி. எரிவாயு, எண்ணெய், விறகு என மூன்று தேர்வு. "எதுவும் இல்லை" என்று ஒரு கட்டம் கிடையாது. யீஷூனில் உட்கார்ந்துகொண்டு மகள் விறகைத் தட்டினாள், எது குறைவாகக் காட்டுகிறது என்று பார்த்து.

அடுத்து மின்சாரம். யூனிட் கேட்கவில்லை, மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கேட்டது. நம் பில்லைப் பார்த்தவர்களுக்குச் சங்கடம் புரியும். மின்சாரம், கேஸ், தண்ணீர், குப்பைக் கட்டணம் எல்லாம் ஒரே தாளில் வருகின்றன. வீவக வீடுகளுக்கு அரசாங்கத்தின் யூ-சேவ் தள்ளுபடி வரும் மாதத்தில் கடைசித் தொகை சட்டென்று இறங்கிவிடும். சோதித்துப் பார்க்கலாம் என்று அப்படி ஒரு மாதத் தொகையைப் போட்டோம். விளக்கு ஒன்றைக்கூட அணைக்காமலே எங்கள் கரிமம் பாதிக்கு வந்துவிட்டது. அரசாங்கம் காசு கொடுத்தால் புகை குறைகிறது என்று நம்பும் கணக்கு.

சாப்பாட்டுப் பகுதியில் மூன்றே தேர்வு: சைவம், எப்போதாவது இறைச்சி, தினமும் இறைச்சி. எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி சைவம். புரட்டாசி முழுக்கச் சைவம். மற்ற நாளில் மீன், கோழி. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தை ஆட்டிறைச்சி. இதை எந்தக் கட்டத்தில் போடுவது? கட்டத்தை விட்டுவிட்டு எடையைப் பார்ப்பதுதான் சரி. உலக அளவில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் 2018ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றின்படி, ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்குச் சராசரியாக ஏறத்தாழ 40 கிலோ கரிமம், கோழிக்கு 10, அரிசிக்கு நான்கரை. பண்ணைக்குப் பண்ணை இது நிறைய மாறும். இருந்தாலும் மாதம் இரண்டு கிலோ ஆட்டிறைச்சி வாங்கும் வீட்டுக்கு அதுவே 80 கிலோ. எங்கள் வீட்டு மாத மின்சாரத்தில் இது பாதிக்கு மேல். இதைச் சொன்னதும் என் மனைவி, "அப்ப மொதல்ல உங்க ஏர்கானை நிறுத்துங்க, கறியை அப்புறம் பேசலாம்" என்று முடித்துவிட்டார். இப்போது ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஆடு, நடுவில் கோழி. அதற்குமேல் நான் பேசவில்லை.

கடைசியில் அந்தச் செயலி, மரம் நட்டு எட்டு டன்னையும் தீர்த்துக்கொள்ளலாம், இங்கே பணம் கட்டுங்கள் என்றது. கேட்ட தொகை நாலு பேர் மீன் தலைக்கறி சாப்பிடும் செலவைவிடக் குறைவு. சிங்கப்பூர் 2019இல் கரிம வரி கொண்டுவந்தபோது டன்னுக்கு 5 வெள்ளி, 2024இல் 25, 2026இல் 45. பெரிய ஆலைகளும் மின்நிலையங்களும் கட்டுவது அது. அவர்களுக்கு ஒரு டன்னின் விலை அப்படி இருக்கும்போது எனக்கு மட்டும் எப்படி இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது? மகளும் கட்டவில்லை.

இனிப் பிளக் மீட்டர். ஒரு வசதிக்காக முதலில் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மின்சாரத்தில் 95 விழுக்காடு அளவுக்கு இயற்கை எரிவாயுவில்தான் தயாராகிறது. அதனால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரிமம் என்று பிடிக்கலாம். எரிசக்திச் சந்தை ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் எண் சில வருடங்களாக இதை ஒட்டியே இருக்கிறது. யூனிட்டை இரண்டரையால் வகுத்தால் கிலோ. எங்கள் நாலறை வீட்டில் மாதம் 380 யூனிட் அளவில் போகிறது, அதாவது 152 கிலோ. வெளிநாட்டுச் செயலிகளில் வேறு நாட்டு எண் உள்ளே உட்கார்ந்திருக்கும். நிலக்கரி நாட்டு எண்ணாக இருந்தால் நம்மைக் கூட்டிக் காட்டும், நீர்மின்சார நாடாக இருந்தால் குறைத்துக் காட்டும்.

மீட்டரை வீடு முழுக்கச் செருகிப் பார்த்தோம். ஃபிரிட்ஜை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எண் எழுதக் கூடாது, கம்ப்ரசர் ஓடும், நிற்கும். ஒரு முழுநாளாவது விட வேண்டும். எங்களுடையது நாளைக்கு ஒரு யூனிட்டை ஒட்டி வந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமியார் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றரையைத் தாண்டியது. கதவு ரப்பர் தொய்ந்திருந்தது, ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து இழுத்தால் தடையில்லாமல் வந்துவிட்டது. ரப்பரை மாற்றியதும் எண் இறங்கியது. இந்த ஒன்றுக்கே மீட்டர் விலை தேறிவிடும்.

மாவரைக்கும் கிரைண்டரைச் செருகியபோது மனைவி பக்கத்திலேயே நின்றார், தீர்ப்பு கேட்பது மாதிரி. 150 வாட், அரை மணி நேரம், மூன்று காசுகூட ஆகவில்லை. இட்லிக்குக் குற்றமில்லை. அரிசிக் குக்கர் சோறு வெந்தபின் "சூடாக வை" நிலையில் விடாமல் 40 வாட் இழுத்துக்கொண்டே இருந்தது. மதியம் வடித்த சோற்றை இரவு வரை அதிலேயே வைக்கும் வீடுகள் கவனிக்கலாம். இணைய மோடமும் டிவி பெட்டியும் தலா 10 வாட், பகல் இரவாக. கைப்பேசி சார்ஜரைச் சும்மா செருகி வைத்தால் மீட்டர் பூஜ்யம் காட்டியது. இதை அப்படியே நம்ப வேண்டாம், இந்த விலை மீட்டர்களுக்கு ஓரிரு வாட் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சார்ஜரைப் பிடுங்கு பிடுங்கு என்று பிள்ளைகளைத் திட்டுவதால் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது என்பதும் தெரிந்துவிட்டது.

மீட்டரின் பெரிய குறை, வீட்டில் அதிகம் இழுக்கும் இரண்டையும் அது தொடவே முடியாது என்பதுதான். ஏர்கானும் தண்ணீர் ஹீட்டரும் பிளக்கில் ஓடுவதில்லை, தனிக் கம்பியில் தனிச் சுவிட்ச். சின்னச் சாமான்களை எல்லாம் காசு சுத்தமாக அளந்துவிட்டுப் பெரிய சாமான் வந்ததும் கை விரிக்கும் கருவி இது. கம்பியைச் சுற்றிக் கவ்வி, ஓடும் மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் என்னிடம் இருந்ததால் பார்த்தேன். எங்கள் படுக்கையறை ஏர்கான் போட்டவுடன் 4 ஆம்பியர் அளவில் இழுத்தது, சுமாராக 900 வாட். அறை குளிர்ந்ததும், 25 டிகிரியில் வைத்திருந்தால் ஒன்றேகால் ஆம்பியருக்கு இறங்கி அங்கேயே ஓடியது. மகன் அறையில் 18. அங்கே இறங்கவே மாட்டேன் என்றது. 18இல் வைத்துவிட்டு மெத்தைப் போர்வைக்குள் சுருண்டு படுப்பவனிடம் என்ன சொல்வது? மின்விசிறியைச் சேர்த்துப் போட்டால் 25 போதும் என்பது சுற்றுப்புற வாரியம் திரும்பத் திரும்பச் சொல்வதுதான். அளந்து பார்த்த எண்ணை அவன் கண்ணில் காட்டிய பிறகு 23க்கு வந்திருக்கிறான்.

கிளாம்ப் மீட்டர் இல்லாதவர்கள் அந்தச் சுவிட்சைத் திறக்கவே கூடாது. அதற்குத்தான் எஸ்பி செயலி. 2022இல் தொடங்கி 2026க்குள் எல்லா வீடுகளுக்கும் என்று மாற்றிவரும் புதிய மின்மீட்டர் உங்கள் வீட்டிலும் இருந்தால், அரை மணிக்கு ஒரு முறை எத்தனை யூனிட் போனது என்று பட்டைப் படமாகப் பார்க்கலாம். எனக்குப் பிடித்த வழி இது: ஓர் இரவு ஏர்கான் இல்லாமல் தூங்கிவிட்டு மறுநாள் காலை, விடியற்காலை மூன்று மணிப் பட்டையைப் பாருங்கள். ஃபிரிட்ஜ், மோடம், மின்விசிறிகள் எல்லாம் சேர்ந்து எங்களுக்கு அரை மணிக்கு 0.1 யூனிட். அடுத்த இரவு ஏர்கான் போட்டுத் தூங்குங்கள். அதே மூன்று மணிப் பட்டையில் கூடுதலாக இருப்பது முழுவதும் ஏர்கான். காசு செலவில்லை, கம்பியைத் தொட வேண்டியதில்லை. தொட்டி ஹீட்டரை அணைக்க மறந்த காலையும் அந்தப் படத்தில் மாட்டிக்கொள்ளும். இன்னமும் இதைப் பழைய பெயரில் பியூபி பில் என்று சொல்லிக்கொண்டு, தாளில் கடைசி வரியை மட்டும் பார்க்கும் தலைமுறைக்கு யாராவது ஒரு முறை திறந்து காட்டுங்கள். இந்த மூன்றில் என் முதல் மதிப்பெண் இதற்குத்தான்.

இப்போது யாரும் கேட்காத அந்த விஷயம்.

ஏர்கான் குழாய்க்குள் ஓடும் கேஸ். இது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீரும் பொருள் இல்லை. மூடிய குழாயில் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். கசிந்தது காற்றில் கலக்கிறது. பல வருடங்களாக நம் வீடுகளில் மாட்டிய ஏர்கான்களில் இருப்பது ஆர்-410ஏ. அதில் ஒரு கிலோ வெளியேறினால், கரியமில வாயு 2,088 கிலோ வெளியேறியதற்குச் சமம் என்பது கணக்கு. இரண்டு டன்னுக்கு மேல். எங்கள் வீட்டின் ஒரு வருட மின்சாரம் முழுவதும் சேர்ந்தாலே 1.8 டன்தான்.

இதை மறுபடி படியுங்கள். நாலு பேர் வருடம் முழுக்க விளக்கு, ஃபிரிட்ஜ், ஹீட்டர், ஏர்கான் போட்டு உண்டாக்குவதைவிட, ஒரு கிலோ கேஸ் கசிவு அதிகம்.

ஆனால் ஊரில் நடப்பது என்ன? ஏர்கான் குளிரவில்லை என்று அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் ஃபேன்காயிலில் (அறைக்குள் இருக்கும் பெட்டி) பனி கட்டியிருக்கும், அழுத்தம் குறைந்திருக்கும். "போன வருஷமும் கேஸ் போட்டாங்க தம்பி, இப்பவும் போட்டு விட்டுடுங்க, போதும்" என்பார்கள். போட்டால் அன்றைக்கே குளிரும், வாடிக்கையாளருக்குச் சந்தோஷம், மெக்கானிக்குக் கூலி. அரைக் கிலோ போட்டோம் என்றால் முன்பு இருந்த அரைக் கிலோ ஒரு டன் கரிமமாகப் போய்விட்டது, இப்போது போட்டதும் அதே ஓட்டை வழியாகப் போகக் காத்திருக்கிறது. கசிவைக் கண்டுபிடிக்க நைட்ரஜன் ஏற்றி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நேரமும் கூலியும் கூடும். பெரும்பாலும் குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டில்தான் இருக்கும், குழாய் முனையை மறுபடி விரித்து இறுக்கினால் முடிந்தது. காயிலில் துருவேறி ஓட்டை என்றால் செலவு பெரிது. குழாயை மூடியிருக்கும் டிரங்கிங்குக்குள் நடுவழியில் என்றால் எனக்கே அலுப்பு வரும். இருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு டாப்-அப் போடும் வீட்டில் எல்இடி பல்பு மாற்றி என்ன பயன்?

எந்தச் செயலியிலும் "கடைசியாக எப்போது கேஸ் போட்டீர்கள்" என்று ஒரு கேள்வி இல்லை. மகள் தன் அறிக்கையில் அதற்குத் தனி வரி சேர்த்துக்கொண்டாள். கேஸ் எத்தனை கிலோ போட்டார்கள் என்பதை அந்த 2,088ஆல் பெருக்கினால் போதும், பெரிய கணக்கு இல்லை.

2022 அக்டோபர் 1 முதல் இங்கே புதிதாக விற்கும் வீட்டு ஏர்கான்களில், ஆர்-410ஏவுக்கு 2,088 என்று சொன்னேனே, அந்த எண் 750க்கு மேல் உள்ள கேஸ் கூடாது. அதனால் புதியவற்றில் ஆர்-32, கிலோவுக்கு 675. மூன்றில் ஒரு பங்குதான், ஆனாலும் பூஜ்யமில்லை. உங்களுடையது எது என்று அறிய அவுட்டோர் பெட்டியின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும், சன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டாம், அடுத்த சர்வீசுக்கு வருபவரிடம் கேளுங்கள். ஏர்கான் மாற்றும்போது பழையதைக் கழற்றுமுன் "பம்ப் டவுன்" செய்வீர்களா என்றும் கேளுங்கள். குழாயில் உள்ள கேஸைக் கம்ப்ரசர் பக்கம் இழுத்து அடைப்பது அது. சில நிமிட வேலை. செய்யாமல் நட்டைக் கழற்றினால் "உஸ்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், உங்கள் வருடக் கணக்கு காலி. கேட்கும் வாடிக்கையாளரிடம் யாரும் அலட்சியம் காட்டுவதில்லை, இது தொழில் ரகசியம்.

மாற்றுவதாக இருந்தால் வீவக வீடுகளுக்கு 400 வெள்ளி வரை அரசாங்கத்தின் பருவநிலைப் பற்றுச்சீட்டு இருக்கிறது, 2027 முடிய. மின்சிக்கன முத்திரையில் ஐந்து டிக் வாங்கிய ஏர்கான், டிசி மின்விசிறி, எல்இடி விளக்கு எல்லாவற்றுக்கும் செல்லும். என்னைக் கேட்டால் ஓடுகிற ஏர்கானை அதற்காகக் கழற்றாதீர்கள், முதலில் படுக்கையறையில் ஒரு டிசி மின்விசிறி. பெரிய கடைகளில் புதியது வாங்கினால் பழையதை இலவசமாக எடுத்துச் செல்வது 2021 ஜூலையிலிருந்து அவர்கள் கடமை. காராங்குனிக்கு (பழைய சாமான் வாங்குபவர்) கொடுத்தால் பத்து இருபது வெள்ளி கிடைக்கலாம், உள்ளே இருக்கும் கேஸ் எங்கே போகும் என்பது வேறு விஷயம்.

விமானப் பயணத்தைச் சொல்லாமல் விட்டால் மகள் விடமாட்டாள். சிங்கப்பூர் திருச்சி ஒரு வழி சுமார் 3,000 கிலோமீட்டர். சாதாரண இருக்கையில் போய்வர ஆளுக்கு அரை டன் அளவில் வரும். வானத்தின் உயரத்தில் புகை விடுவதன் கூடுதல் பாதிப்பையும் சில செயலிகள் சேர்த்துப் பெருக்குவதால் ஒன்றுக்கொன்று எண் இரட்டிப்பாகக்கூட மாறும், பார்த்துப் பதறாதீர்கள். என் பங்கு வீட்டு மின்சாரம் ஒரு வருடத்துக்கு அரை டன்னைத் தொடவில்லை. ஒரு ஊர்ப்பயணம் அதைச் சமன் செய்துவிடுகிறது. அதற்காக அம்மாவைப் பார்க்கப் போகாமல் இருக்க முடியுமா? இருமுறை போவதை ஒருமுறையாக்கி, கூடுதல் நாள் தங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். விடுப்பு கிடைப்பதைப் பொறுத்தது.

மீட்டர் வாங்குபவர்களுக்கு: 13 ஆம்பியர் என்று போட்டிருக்க வேண்டும், பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். பின்னொளி இல்லாத திரை என்றால் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும், என்னுடையது அப்படி. உள்ளே சின்ன பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் பிடுங்கியதும் எண் அழிந்துவிடும். ஒரு புளோக்குக்கு ஒன்று இருந்தாலே போதும். அளந்து முடித்தபின் தினமும் தேவைப்படும் சாமான் இல்லை. என்னுடையது இப்போது ஐந்தாம் மாடியில் ஒரு மலாய்க்கார அக்கா வீட்டு ஃப்ரீசரில் மாட்டியிருக்கிறது.